கதீட்டர் முனையும் காணாமல் போன ஜீரோவும்

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் நாங்கள் நாலு பேர் ஆறு வருடமாக ஒரு கதீட்டர் செய்துகொண்டிருக்கிறோம். கீழ் வீட்டு அம்மா இன்றுவரை நாங்கள் செல்போன் ரிப்பேர் செய்கிறோம் என்றுதான் நினைக்கிறார். மைக்ரோஸ்கோப்பும் சால்டரிங் அயர்னும் தலைமுடி மாதிரி ஒயரும் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். திருத்தப் போனால் "மூத்திரப்பைக்குள்ள விடுற குழாய்ம்மா" என்று விளக்க வேண்டியிருக்கும். அதனால் விட்டுவிட்டோம்.

யூரோடைனமிக்ஸ் என்று ஒரு பரிசோதனை உண்டு. பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், பிராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள், பிரசவத்துக்குப் பிறகு இருமினாலே நீர் கசிகிறவர்கள் ஆகியோரின் சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது. மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப்பைக்குள்ளும் இன்னொன்றை மலக்குடலுக்குள்ளும் விடுவார்கள். பிறகு பைக்குள் மெதுவாக சலைன் ஏற்றிக்கொண்டே இரண்டு இடத்து அழுத்தத்தையும் பார்ப்பார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வயிற்றின் அழுத்தம் போய், பையின் தசை தானாகத் தருகிற அழுத்தம் மட்டும் நிற்கும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

வழக்கமாக இந்தக் குழாய்களில் தண்ணீர் நிரம்பியிருக்கும். அழுத்தம் அந்தத் தண்ணீர் வழியாக வெளியே ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் டிரான்ஸ்டியூசருக்கு, அதாவது அழுத்தத்தை மின்சாரக் குறியாக மாற்றும் சென்சாருக்கு, வந்து சேரும். நல்ல முறைதான். ஆனால் நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினால் போதும், இருமலின் கூர்மையான முகடு மழுங்கிப்போகும். கட்டிலைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு டிரான்ஸ்டியூசரை உயர்த்த மறந்தால், எண்ணில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குப் பிழை வரும். (இங்கே அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தில்தான் எண்ணுவார்கள்.) நோயாளி அசைந்து குழாய் ஆடினால் திரையும் ஆடும். சென்சாரையே குழாயின் முனையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கதீட்டர்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, விலை அதிகம், முனை எளிதில் உடையும். நாங்கள் குறைந்த விலையில், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற மாதிரி ஒன்றைச் செய்யக் கிளம்பினோம்.

குழாயின் விட்டம் 6 பிரெஞ்ச். மூன்று பிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர், ஆக 2 மில்லிமீட்டர். (இந்த அளவை வகுத்தவர் பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஷாரியே.) அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் சலைன் போக ஒரு வழி, மூன்று ஒயர், ஒரு மில்லிமீட்டரைவிடக் குறுகலான சிலிக்கான் சென்சார், அதைப் பிடித்துக்கொள்ள ஒட்டுப்பசை எல்லாம் அடங்க வேண்டும். சின்னதாக்குவதுதான் பெரிய வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். உண்மையில் அதில் ஒன்றரை வருடம்தான் போனது. பீன்யா தொழிற்பேட்டையில் டூல்ரூம் வைத்திருக்கும் தர்மபுரிக்காரர் ஒருவர் முனையை உருட்டும் அச்சைச் செய்துகொடுத்தார். முதல் அச்சில் வந்த முனையை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உள்ள போற சாமான். கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூட நிக்கக் கூடாது" என்று அவரே நிராகரித்தார். நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மிச்ச நாலரை வருடமும் ஜீரோவைத் தேடுவதிலேயே போனது.

அழுத்தத்தை அளக்கிற எதற்கும் 'இங்கிருந்துதான் எண்ணுகிறோம்' என்று ஓர் இடம் வேண்டும். சிறுநீர்ப்பை விஷயத்தில் அந்த இடம் வெளிக்காற்று. வெளிக்காற்றில் வைத்தால் கருவி ஜீரோ காட்ட வேண்டும். ஒரே வரியில் சொல்லிவிடலாம், எங்களை அலைக்கழித்ததும் அந்த ஒரே வரிதான்.

முதல் அடி பீக்கரில் விழுந்தது. கதீட்டரை 37 டிகிரி சலைனில் போட்டு இரவு பகலாக விட்டு, எண் நகர்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. உடம்பு சூட்டில் ஈரத்தைக் குடித்து ஒட்டுப்பசை உப்பும், அது சென்சாரை இழுக்கும், எண் நகரும். இது நாங்கள் எதிர்பார்த்த நகர்வு. முதல் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது என்று கண்டுகொண்டோம். (இதிலிருந்து வந்த பழக்கம்: எங்கள் கதீட்டரை அரை மணி நேரம் சலைனில் ஊறவைக்காமல் ஜீரோ செய்யக் கூடாது, அதாவது அப்போதைய அழுத்தத்தை ஜீரோ என்று பதியக் கூடாது. பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறோம்.) ஆனால் அதற்குப் பிறகும் ஒரு மெதுவான அலை நின்றபாடில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மூன்று, சில நாள் நாலு சென்டிமீட்டர் தண்ணீர் அளவு. பசையை மாற்றினோம். ஒயரை மாற்றினோம். எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வேறு பவர் சப்ளை வாங்கிவந்தோம். ஏசியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு மாதம் ஓடியது.

எங்களில் சின்னவன் ஒருநாள் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மணியைக் குறித்தான். காலை பத்து மணிக்கு உச்சம், மாலை நாலு மணிக்குப் பள்ளம். இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடிகாலை நாலுக்கு மறுபடி பள்ளம். நாலு நாளும் அதே. பசைக்குக் கடிகாரம் தெரியுமா என்ன? அவனுடைய போனில் காற்றழுத்தம் காட்டும் சென்சார் இருந்தது. அதற்கு ஒரு ஆப் இறக்கி பீக்கருக்குப் பக்கத்திலேயே வைத்தான். மறுநாள் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன.

நாங்கள் வாங்கிய சென்சார் தன் வயிற்றுக்குள் ஒரு வெற்றிடத்தை வைத்து மூடியது. அதனால் அது வெளிக்காற்றின் முழு அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். வெப்ப மண்டலத்தில் காற்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை இப்படி மூச்சு விடுகிறது. வானிலைக்காரர்களுக்கு இது பழைய செய்தி. சூரியன் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் வருகிற அலை அது. நாங்கள் இரண்டு மாதம் பசையைத் திட்டிக்கொண்டிருந்தோம். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மேஜையில் ஒரு பாரோமீட்டர் வையுங்கள். போன் போதும்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். அடுத்த மாதமே சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்ட லால்பாக் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். அவருடைய மேஜையில் பெட்டியைத் திறந்து ஸ்விட்ச் போட்டால், திரையில் உச்சியில் ஒட்டிய நேர்க்கோடு. ஊதினாலும் அழுத்தினாலும் அசையவில்லை. சென்சார் செத்துப்போனது என்று இரண்டாவதை மாட்டினோம், அதுவும் அப்படியே. டாக்டர் மரியாதைக்குக் காபி வாங்கித் தந்து அனுப்பினார்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் சுமார் 680 மில்லிமீட்டர் பாதரசம். சென்னையில் 760. வித்தியாசம் 80 மில்லிமீட்டர், தண்ணீர்க் கணக்கில் ஒரு மீட்டருக்கும் மேல். சிறுநீர்ப்பையில் நாங்கள் அளக்க நினைத்த மொத்த வீச்சே ஏறத்தாழ அவ்வளவுதான். எங்கள் சர்க்யூட்டை அல்சூர் காற்றுக்கு இறுக்கமாக டியூன் செய்து வைத்திருந்தோம், சென்னைக் காற்று பட்டதும் அது முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மூன்று சென்டிமீட்டரைத் துப்பறிந்து பிடித்தவர்களுக்கு ஒரு மீட்டர் கண்ணில் படவில்லை. ரயிலில் பெட்டியை ஆன் செய்து வைத்திருந்தால் ஜோலார்பேட்டைக்குள் தெரிந்திருக்கும். நாங்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

தீர்வு இரண்டு இருந்தன. ஒன்று, கதீட்டருக்குள் இன்னொரு நுண்ணிய துளை விட்டு சென்சாரின் பின்பக்கத்தை வெளிக்காற்றோடு இணைப்பது. செய்து பார்த்தோம். உடம்புச் சூட்டில் ஈரம் படிந்து அடைத்துக்கொள்கிறது, குழாய் மடங்கினால் மூடிக்கொள்கிறது. அடைத்துவிட்டது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியும் இல்லை. இரண்டாவது, வெளிப்பெட்டிக்குள் ஒரு பாரோமீட்டர் சிப் வைத்துக் கழித்துவிடுவது. அதைத்தான் எடுத்துக்கொண்டோம். சர்க்யூட்டின் வீச்சையும் தாராளமாக்கினோம். இந்த முடிவு பின்னால் வேறொரு விதத்தில் எங்களைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

சோதிப்பதற்கு எங்களிடம் இருந்த மிக நல்ல கருவி, ஒரு மீட்டருக்குச் சற்று நீளமான அக்ரிலிக் குழாயும் அதில் நிரப்பிய தண்ணீரும் பக்கத்தில் ஒட்டிய ஸ்கேலும்தான். கதீட்டரை இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கினால் இருபது காட்ட வேண்டும். விலை உயர்ந்த காலிபரேட்டரை வாடகைக்கு எடுத்துப் பார்த்ததுண்டு. அது தவறு காட்டினால் யார் தவறு என்று அரை நாள் வாதாடுவோம். தண்ணீர்க் குழாயோடு யாரும் வாதாடவில்லை. வேகத்தைச் சோதிக்க பர்த்டே பலூன். கதீட்டரை உள்ளே விட்டு ஊதி, ஊசியால் குத்தினால் அழுத்தம் சட்டென்று விழும். எவ்வளவு சீக்கிரம் கோடு விழுகிறது என்று பார்க்கலாம். இருமலைச் சரியாகப் பிடிக்குமா என்பதற்கு அதுவே போதுமான பதில். கீழ் வீட்டு அம்மா மட்டும் "தினம் யாருக்குப்பா பர்த்டே?" என்று கேட்டார்.

அடுத்து வெளிச்சம். இதை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை, படித்தும் மறந்திருக்கலாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஜீரோ செய்தால் ஒரு எண், திரையை இழுத்துவிட்டால் வேறு எண். சிலிக்கானில் வெளிச்சம் பட்டால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். சோலார் பேனல் செய்கிற வேலைதான். எங்கள் சென்சாரின் மேல் பூசியிருந்த சிலிகோன் ரப்பர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். நடைமுறையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: பரிசோதனை அறையில் பளீரென்ற விளக்குக்குக் கீழே ஜீரோ செய்வார்கள், பிறகு முனை உடம்பின் இருட்டுக்குள் போகும். அந்த வித்தியாசம் பரிசோதனை முடியும்வரை ஒவ்வொரு எண்ணிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது. நிறமியேற்றிய சிலிகோனுக்கு மாறினோம். மாறியதால், பொருள் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற சோதனைகள், அதாவது ஐஎஸ்ஓ 10993 சமாசாரங்கள், மறுபடி முதலிலிருந்து. பணமும் நாலு மாதமும் போயின. உடம்பில் படுகிற பொருள் எது என்பதைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். பசை, பூச்சு, நிறம் எல்லாம் முடிவான பிறகுதான் அந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கிருமி நீக்கத்துக்கு எத்திலீன் ஆக்சைடு வாயு. அதைப் பற்றி எல்லோரும் வெப்பத்தையும் வாயு மிச்சத்தையும் சொல்லி எச்சரித்தார்கள். எங்களை அடித்தது அந்த அறையில் இழுக்கும் வெற்றிடம். பசைக்கு அடியில் கடுகளவுகூட இல்லாத ஒரு காற்றுக் குமிழி, வெற்றிடத்தில் பெருத்து, சென்சாரோடு ஒயர் சேருமிடத்தைத் தூக்கிவிட்டது. முதல் இருபதில் ஏழு போயின. அப்போதிலிருந்து பசையைக் கலந்தவுடன் வெற்றிட அறையில் வைத்து குமிழியை வெளியேற்றிவிட்டுத்தான் ஒட்டுகிறோம். அதுவும் வீட்டில் இல்லை, தூசி வடிகட்டிய வாடகைக் கிளீன்ரூமில்.

உரிமம், காகிதம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி, சோதனைக்காக நாலு சாம்பிள் செய்வதென்றாலும் எம்டி-12 விண்ணப்பம் போட்டு எம்டி-13 உரிமம் வாங்க வேண்டும். அதன் பிறகு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டி. அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு விஷயத்தில் அது எனக்குப் பாடம் எடுத்தது. நோயாளிக்கான விளக்கத் தாளைக் கன்னடம், தமிழ், ஆங்கிலம், இந்தி நாலிலும் தர வேண்டியிருந்தது. தமிழை நானே எழுதினேன். 'ஆசனவாய் வழியே உட்செலுத்தப்படும்' என்று எழுதி, பெருமையாக அந்த வார்டின் சீனியர் நர்ஸிடம் காட்டினேன். அக்காவும் அல்சூர்தான். படித்துவிட்டு, "தம்பி, இத படிச்சா அந்தம்மா எந்திரிச்சு ஓடிடும். மோஷன் போற வழியில சின்னக் குழாய் வைப்போம், வலிக்காது, கொஞ்சம் கூச்சமா இருக்கும்னு எழுது" என்றார். எழுதினேன். கமிட்டியில் ஒருவர் மொழி தரமாக இல்லை என்றார். அக்காவின் வாக்கியம்தான் நின்றது.

முதல் சில நோயாளிகளின் வரைபடம் வந்தபோது எங்களுக்கு ஒரே சந்தோஷம். கோடுகள் சுத்தமாக இருந்தன. ஆரம்பத்தில் இரண்டு கோடும் சரியாக ஜீரோ, இருமும்போது இரண்டும் ஒன்றாக எழுந்து விழுந்தன. அந்த மருத்துவமனையின் டாக்டர் மேடம் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உட்கார்ந்திருக்கிற பேஷண்ட்டுக்கு ரெஸ்டிங் பிரஷர் எப்படி ஜீரோ வரும்?"

வராது. உட்கார்ந்த நிலையில் சிறுநீர்ப்பைக்குள்ளும் மலக்குடலுக்குள்ளும் 15-லிருந்து 40 சென்டிமீட்டர் வரை இருப்பது இயல்பு. மேலேயுள்ள குடல், வயிறு எல்லாவற்றின் எடையும் அழுத்துகிறதல்லவா? அக்காவிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். குழாயை உள்ளே வைத்து, டேப் ஒட்டி, நோயாளியை உட்காரவைத்து, எல்லாம் தயாரான பிறகு ஜீரோ பட்டனை அழுத்தியிருக்கிறார். அவர்மேல் துளியும் தப்பில்லை. தண்ணீர்க் குழாய் முறையில் ஒரு திருகைத் திருப்பி டிரான்ஸ்டியூசரைக் காற்றுக்குத் திறந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் ஜீரோ செய்யலாம், நோயாளிக்குள் குழாய் இருக்கும்போதும். இருபது வருடம் அப்படிச் செய்த கை அது. எங்கள் சென்சார் முனையில் இருக்கிறது. உள்ளே போன பிறகு ஜீரோ அழுத்தினால், அந்த உடம்பின் அழுத்தத்தையே அழித்துவிட்டு அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கும். சர்வதேச நிபுணர்களின் வழிகாட்டுதலிலும் இதை எச்சரித்திருக்கிறார்கள். நானே படித்து அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். பட்டனை மட்டும் எப்போதும் அழுத்துகிற மாதிரி பெரிதாக, பச்சையாக வைத்திருந்தேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டினேன். அக்கா சிரித்தார். "கையுறை போட்டு, ஒரு கையில ஜெல்லி, ஒரு கையில குழாய். இதுல உன் ஸ்டிக்கர எங்க படிக்கிறது?" நியாயம். அப்போதுதான் காற்றழுத்தத்தைக் கழிக்கப் பெட்டிக்குள் வைத்திருந்த பாரோமீட்டர் நினைவுக்கு வந்தது. முனை வெளிக்காற்றில் இருந்தால் அது காட்டுவதும் பாரோமீட்டர் காட்டுவதும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒன்று முனை உடம்புக்குள் இருக்கிறது, அல்லது சென்சார் கெட்டுவிட்டது. இரண்டிலும் ஜீரோ செய்யக் கூடாது. பட்டனை அழுத்தினால் பெட்டி மறுத்துவிடும்படி மென்பொருளை மாற்றினோம். இரண்டு நாள் வேலை. அதே சமயம் கனெக்டரையும் ஒரு கையால் மாட்டும்படி மாற்றினோம், அது எட்டு மாத வேலை.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'எங்கள் கதீட்டருக்கு லெவல் பார்க்க வேண்டாம்' என்று ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் பேசினேன். பாதிதான் உண்மை. தண்ணீர்க் குழாய் முறையில் டிரான்ஸ்டியூசரை இடுப்பு முன் எலும்பின் மேல் விளிம்புக்கு நேராக வைப்பார்கள், எல்லா ஊரிலும் அந்த ஒரே உயரம். முனை சென்சாரில் அந்த உயரம் முனை எங்கே இருக்கிறதோ அங்கே. நிறைந்த பையின் அடியில் கிடந்தால் ஒரு எண், மேலே மிதந்தால் சில சென்டிமீட்டர் குறைவு. கட்டிலை உயர்த்துகிற பிழையை ஒழித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பிழையை உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறோம். இதை மேடம் சுட்டிக்காட்டிய பிறகு, ரிப்போர்ட்டிலேயே 'முனை சென்சார்' என்று அச்சிடுகிறோம். பழைய முறையில் எடுத்த எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம் என்பதற்காக. விற்பனைக்கு உதவுகிற வரி இல்லை அது. கூட்டாளி ஒருவன் இன்னும் என்னோடு சண்டை போடுகிறான்.

போன வாரம் மதியம் அக்கா போன் செய்தார்.

"தம்பி, உன் பெட்டி ஜீரோ எடுக்க மாட்டேங்குது. ரெண்டு தடவ அமுக்கிட்டேன், கீ கீன்னு கத்துது."

"கதீட்டர் இப்ப எங்கக்கா இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரோ ஓர் அம்மா, முடிஞ்சுதா என்று கேட்பது காதில் விழுந்தது.

"உள்ளதான் இருக்கு" என்றார் அக்கா. "வை, நான் அப்புறம் பேசுறேன்."